ஐந்தாவது புள்ளி

போன வாரம் சங்கமித்ராவைத் தையல்கடைக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்துவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன் என்று வாசகிகள் சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த சாபிரா அக்கா, முதுகில் டேப்பை வைத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "இன்னா மித்ரா, இம்மாம் புண்ணு வெச்சிகினு பின்கயுத்து எறக்கமா கேக்குற?" என்றாள். தன் முதுகில் புண் இருப்பதே மித்ராவுக்கு அன்றுதான் தெரிந்தது.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டை துறைமுகக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. துரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மனைவி ராஜாத்தி. ஒரே மகள் மித்ராவுக்கு இருபத்தாறு வயது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில், வருகிற போகிற வண்டி நம்பர்களை எழுதுகிற வேலை. பெரம்பூர் ரயில் பட்டறையில் வெல்டராக இருக்கும் வல்லரசுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, இன்னும் முப்பத்தொரு நாள்தான் பாக்கி.

தையல்கடைக்குப் போய்வந்த மறுவாரம், வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை என்றால் அந்த வீட்டில் எண்ணெய்க் குளியல். துரை சாமி கும்பிடாதவர். "சாமியே இல்லாத வூட்ல இன்னாமே வெள்ளிக்கிழம?" என்று பத்தொன்பது வருஷமாகக் கிண்டல் செய்கிறார். ராஜாத்தி ஒரு வாரம்கூட விட்டதில்லை. மகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, முதுகையும் தேய்த்துவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"மணி ஏயாவுது. எண்ண ஆறிப்பூட்ச்சு. வந்து குந்து."

மித்ரா சுடிதார் போட்டு, தலை பின்னி, கைப்பையோடு நின்றாள். "நான் குந்தல. ஆஸ்பத்திரிக்குப் போறேன். லீவு சொல்லிட்டேன்."

"இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

"முதுகுல புண்ணு கீது. அத்துக்கு."

"அது வேர்க்குருடி. நாளெல்லாம் வெயில்ல நின்னுகினு கீற. ஒடம்பு சூடு."

"ரெண்டு மாசமாவா வேர்க்குரு கீது? துணியில ரத்தம் ஒட்டுது. நீ வாராவாரம் வெள்ளையா இன்னாவோ தடவுற. எரியுதுன்னா வேர்க்குரு மருந்து அப்டித்தான் எரியும்னு சொல்ற. அது இன்னா மருந்து? டப்பாவ காட்டு."

ராஜாத்தி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மகள் படியிறங்கும் சத்தம் கேட்டதும், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செருப்பு மாட்டாமலே பின்னால் ஓடினாள். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

"நான் கூப்டல உன்ன" என்றாள் மித்ரா, பஸ் ஸ்டாப்பில்.

"நீ கூப்டாட்டி வரக்கூடாதா?"

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம், அம்மா பக்கத்தில். மகளின் கழுத்தை ராஜாத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பயந்துபோயிருந்தாள். காசிமேட்டுத் திருப்பத்தில் மீன் கூடைகளோடு நாலு பொம்பளைகள் ஏறி, இடம் கேட்டுச் சத்தம் போட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

அவள் எதற்குப் பயந்தாள் என்பதை உங்களிடமாவது இன்று சொல்லிவிட வேண்டும். மித்ராவுக்கு அது தெரியாது.

எண்பத்து நாலில் மித்ராவுக்கு ஏழு வயது. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெறி கட்டியிருக்கிறது என்று பற்றுப் போட்டார்கள். ஒன்று மூன்றானது. கடைசியில் இரண்டு பஸ் மாறி, ஊரின் தெற்குக் கோடியில் கேன்சருக்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி போட்டார்கள். முடி கொட்டியது. அப்புறம் ஒரு மாதம் கழுத்துக்கும் மார்புக்கும் கரண்ட் வைத்தார்கள். தினமும் ஒரே இடத்தில் கதிர் விழ வேண்டும் என்பதற்காக, முன்னால் இரண்டு, முதுகில் இரண்டு என்று ஊசியால் நான்கு பச்சைப் புள்ளிகள் வைத்தார்கள்.

குழந்தை பிழைத்தது. அனுப்பும்போது அந்தப் பெரிய டாக்டர் ராஜாத்தியிடம் ஒன்று சொன்னார். துரை அப்போது சீட்டு வாங்க ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். "உன் பொண்ணு ஜெயிச்சிட்டா. ஆனா கரண்ட் வெச்ச தோலை ஆயுசுக்கும் பாத்துகிட்டே இருக்கணும். புதுசா எது முளைச்சாலும் அன்னிக்கே வந்துடு."

அந்த நோயின் பெயரை அவர்கள் குடியிருப்பில் யாரிடமும் சொல்லவில்லை. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள்? மகளிடமும் நெறிகட்டு என்றே சொன்னார்கள். முன்னால் தெரிகிற இரண்டு புள்ளிகளைப் பற்றி அவள் கேட்டபோது, கண்ணு படக்கூடாதென்று பச்சை குத்தியது என்றார்கள். வருஷா வருஷம் காட்டச் சொன்ன ஆஸ்பத்திரிக்கு ஐந்து வருஷம் போனார்கள். அங்கே ஒரு நாள் குடியிருப்புக்காரர் ஒருவர் எதிரே வந்துவிட, அதோடு போவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வருஷம் போகியன்று, பழைய பாயோடும் கிழிந்த முறத்தோடும் ஆஸ்பத்திரி ஃபைலையும் ராஜாத்தி தெருவில் போட்டு எரித்தாள். பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். வியாதியும் அதோடு போயிற்று என்று மனசாரச் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் டாக்டர் சொன்ன வார்த்தை போகவில்லை. அதற்காக வந்ததுதான் வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்க்கிற சாக்கில், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்கிற தோலைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். ஆயிரம் வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒன்றும் இருக்காது. அன்று சாப்பிடுவாள்.

இரண்டு மாதம் முன்பு அது இருந்தது. துவரம்பருப்பு அளவில், மினுமினுவென்று.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் வல்லரசு வீட்டார் வந்து தேதி குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். நலங்கு வைக்கும்போது அத்தனை பொம்பளைகளும் முதுகில் மஞ்சள் பூசுவார்களே என்ற நினைப்புதான் ராஜாத்திக்கு முதலில் வந்தது. அன்றே ஓட வேண்டியவள் ஓடவில்லை. மச்சத்துக்கும் மருவுக்கும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் வைக்கிறதை வைத்தாள். வெற்றிலைச் சுண்ணாம்பும் துணி துவைக்கிற சோடாவும். மினுமினுப்பு போய்ப் புண் ஆனது. புண் என்றால் ஆறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அது ஆறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் வரிசை வராந்தா முனைவரைக்கும் நின்றது. படை, சொறி, தேமல், கம்பெனிக் கழிவுத் தண்ணீரில் வெந்த கைகள். பத்தே முக்காலுக்கு அவர்கள் முறை வந்தது. டாக்டர் சைமாவுக்கு நாற்பது வயது இருக்கும். திரையை இழுத்துவிட்டு, மித்ராவைத் திரும்பி உட்காரச் சொல்லி, விளக்கை அருகில் கொண்டுவந்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா அம்மா இன்னாவோ தடவுறாங்க டாக்டர். நான் பாக்கல. புண்ணுன்னு எனக்குத் தெரியாது."

"இதுல என்ன போட்டீங்க? ஓரமெல்லாம் வெந்திருக்கு."

மித்ரா அம்மாவைப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு" என்றாள் ராஜாத்தி, சன்னமாக.

"சுண்ணாம்பா!" மித்ரா பாதி எழுந்துவிட்டாள். "மருந்துன்னியே? எம்மா, அது சுண்ணாம்பா?"

"உக்காருங்க, உக்காருங்க." டாக்டர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "ஏம்மா, படிக்காதவங்க மாதிரியா இருக்கீங்க? முதல்ல எப்படி இருந்துச்சு? மச்சமா? கட்டியா?"

"வேர்க்குரு மாதிரி."

டாக்டர் புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினார். அக்குளில் அழுத்தினார். பின்னலைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார்.

"முதுகுல இந்த ரெண்டு புள்ளி என்ன?"

"முதுகுலயா?" மித்ரா கழுத்தைத் திருப்பினாள். "முன்னாடிதான டாக்டர் ரெண்டு கீது? கொயந்தையில பச்ச குத்துனது."

"பின்னாடியும் இருக்கே. நேர்க்கோட்ல." டாக்டர் ராஜாத்தியிடம் திரும்பினார். "சின்ன வயசுல பொண்ணுக்கு ஏதாவது பெரிய வியாதி வந்துச்சா? கரண்ட் ஏதாவது வெச்சாங்களா?"

கேள்வி நேராக வந்துவிட்டது. மகள் இரண்டு கண்ணையும் அகல விரித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டரம்மா. கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் நாலு பக்கமும் குத்த வெச்சேன். ஊசி பாசி விக்கிறவ ஒருத்தி வந்தா."

"நிச்சயமா?"

"பெத்தவ பொய்யா சொல்லுவேன்?"

டாக்டருக்கு அரை மனசு. வெளியே வரிசையில் யாரோ சண்டை போட்டார்கள். "சரி. சுண்ணாம்புப் புண் மேல எதையும் நிச்சயமா சொல்ல முடியாது. களிம்பு எழுதறேன். பத்து நாள் போடுங்க, ஆறலைன்னா வாங்க. கண்டிப்பா வரணும். சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

மித்ராவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வாரமாக உறங்காத முகம் அது. "அவ்ளோதானா டாக்டர்? களிம்புதானா?" என்று சிரித்தாள். சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். "வாம்மா. நீ பண்ண வேலைக்கு வூட்டுக்குப் போயி கீது உனுக்கு."

ராஜாத்தி தப்பித்துவிட்டாள். அவள் நினைத்தது அப்படியே நடந்துவிட்டது. களிம்பு. முப்பத்தொரு நாள். அப்புறம் கல்யாணம்.

திரைவரை போனாள். கால் நகரவில்லை. அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அது பச்ச குத்துனது இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கரண்ட் வெச்சாங்க. ஏயு வயசுல. ஒரு மாசம். கேன்சரு."

அந்த வார்த்தையை அவள் பத்தொன்பது வருஷம் கழித்து வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மித்ரா கைப்பையை மூடிக்கொண்டிருந்தவள், மூடியபடியே நின்றாள்.

"யாருக்கு?" என்றாள் மித்ரா.

ராஜாத்தி டாக்டரையே பார்த்தாள்.

"எம்மா, யாருக்குன்னு கேக்குறேன்ல?"

வரிசையில் அடுத்ததாக வந்த கிழவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் கதவைச் சாத்தினார். அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம், எத்தனை தடவை. ஃபைல் எங்கே என்றார். போகியில் எரித்ததை ராஜாத்தி சொன்னாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அங்க பழைய ரெக்கார்டு இருக்கும். நான் கேட்டு எழுதறேன். மித்ரா, இங்க பாருங்க. அன்னிக்கு அந்தக் கட்டியைக் கரைச்ச கதிர்தான் உங்களைக் காப்பாத்துச்சு. அது போற வழியில தோலையும் தொட்டுட்டுப் போயிருக்கு. அந்த இடத்துல இருபது வருஷம் கழிச்சுக்கூடத் தோல்ல புற்று வரலாம். எல்லாருக்கும் வராது. வரக்கூடியவங்கள்ல நீங்க ஒருத்தங்க. அதனாலதான் பாத்துகிட்டே இருக்கணும்னு சொல்லுவாங்க."

"நான் செத்துடுவனா டாக்டர்?"

இருபத்தாறு வயசுப் பெண் அதை ஏழு வயசுக் குழந்தை மாதிரி கேட்டாள். ராஜாத்தி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

"இது நான் நினைக்கிறதா இருந்தா, மெதுவா வளர்றது. வெட்டி எடுத்துட்டா பெரும்பாலும் சரியாப் போயிடும். விட்டுவெச்சா ஆழமாப் போகும். ஆனா இப்ப எதுவும் நிச்சயமாச் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு எல்லாத்தையும் குழப்பிடுச்சு. இன்னிக்கே ஒரு சின்ன துண்டு எடுத்து அனுப்பலாம். பத்து நாள்ல தெரியும்."

களிம்புச் சீட்டை டாக்டரே கைப்பையிலிருந்து திரும்ப வாங்கிக் கிழித்தார்.

பன்னிரண்டு மணிக்கு மித்ராவை உள்ளே கூட்டிப்போனார்கள். ராஜாத்தி எஸ்.டி.டி. பூத்திலிருந்து துறைமுகத்துக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் துரை காக்கிச் சட்டையோடு, தலையிலிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்ற மறந்து, வராந்தாவில் ஓடிவந்தார்.

"கொயந்த எங்க?"

"உள்ள. சத துண்டு எடுக்குறாங்க."

அவள் சொன்னதையெல்லாம் அவர் நின்றபடியே கேட்டார். அன்று குழந்தையை அனுப்பும்போது அந்தப் பெரிய டாக்டர் சொன்னதையும், வெள்ளிக்கிழமைகளையும், சுண்ணாம்பையும். கேட்டு முடித்ததும் கை ஓங்கியவர் போலத் தெரிந்தது. ஆனால் அந்தக் கை தொப்பியைக் கழற்றத்தான் போயிற்று. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சாமி இல்லாத வூட்ல இன்னா வெள்ளிக்கிழமன்னு நான் கிண்டல் பண்ணிகினே இருந்தேனே ராஜாத்தி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் பாத்திருப்பேன்."

"வயசுக்கு வந்த பொண்ணு முதுக நீ எப்டிய்யா பாப்ப?"

"ரெண்டு மாசம்மே. ரெண்டு மாசம் தெரிஞ்சிகினு இருந்திருக்க."

"மெர்சலாயிட்டேன்யா." அவள் அழுதாள். "தெனம் நெனப்பேன், நாளைக்குக் கூட்டிகினு போலாம்னு. போனா அது அதுதான்னு சொல்லிடுவாங்களோன்னு கை காலெல்லாம் ஒதறும். ஆயிரம் வாரம் பாத்தேன். பாக்கத்தான் தெரிஞ்சிது எனக்கு. இருந்தா இன்னா பண்றதுன்னு தெர்ல."

துரையால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை. எண்பதடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புப் பெட்டி தூக்குகிற மனுஷன், அந்தச் சாத்திய கதவைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தார்.

"மாப்ள வூட்டுக்கு இன்னா சொல்றது?" என்றாள் ராஜாத்தி.

"கம்முனு கெட. அத்த அப்பால பாத்துக்கலாம்."

கதவு திறந்து மித்ரா வந்தாள். முதுகில் பிளாஸ்திரி துருத்திக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் உதடு துடித்தது. "உனுக்கும் தெரியும்ல நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

துரை ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பின்னாலேயே டாக்டர் வந்தார். "திங்கக்கிழமை தையலைப் பாக்கணும். அன்னிக்கே உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் முழுசாப் பாத்துடறேன். இன்னிக்கு முடியெல்லாம் பின்னியிருந்துச்சு, தலைக்குள்ள சரியாப் பாக்கலை. விரிச்சுப் போட்டு வாங்க. அதுக்குள்ள வீட்ல ஒருத்தர் நல்ல வெளிச்சத்துல பாருங்க. காதுக்குப் பின்னாடி, முடி ஆரம்பிக்கிற இடம், அவங்க கண்ணுக்கு எட்டாத இடமெல்லாம். சந்தேகமா எது தெரிஞ்சாலும் தொட்டுத் தேய்க்காதீங்க. பக்கத்துல பேனாவால ஒரு புள்ளி வெச்சுடுங்க. நான் தேட வேண்டாம்."

"யாரு பாக்குறது?" என்றாள் மித்ரா, அம்மாவைப் பார்க்காமல்.

டாக்டர் அதற்குள் அடுத்த சீட்டைக் கூப்பிடப் போய்விட்டார்.

ஆட்டோவில் திரும்பினார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நிற்க, ஆட்டோ நடுவில் மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம். வெயிலும் டீசல் புகையும். மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மித்ரா பழக்கதோஷத்தில் எதிரே இருந்த லாரியின் நம்பரை வாய்க்குள் படித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"எனக்கு கேன்சரு வந்துச்சு" என்றாள். "ஊர்ல எவனெவனுக்கு இன்னா வியாதின்னு எனக்குத் தெரியும். எனக்கு இன்னா வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு..." என்று ஆரம்பித்தார் துரை.

"என் முதுகு நைனா இது! வாராவாரம் எண்ண தேய்க்கிறாளேன்னு நெனச்சிகினு குந்தியிருக்கேன். இவ என் முதுகுல வியாதிய தேடிகினு இருந்திருக்கா. கெடச்சதும் சுண்ணாம்பு வெச்சிருக்கா." அழுகை வந்து வார்த்தையை மறித்தது. "சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. அன்னிக்கே வந்திருப்பேனே."

ஆட்டோ ஓட்டுகிறவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து யாரும் சாப்பிடவில்லை. காலையில் வைத்த எண்ணெய்க் கிண்ணம் அங்கேயே இருந்தது. மித்ரா குப்புறப் படுத்துக்கொண்டாள். ஊசியின் மரப்பு விட்டு, முதுகு வலிக்க ஆரம்பித்திருந்தது. வலியைவிட, தன்னால் பார்க்க முடியாத இடத்தில் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்புதான் அவளைக் கொன்றது. கையைப் பின்னால் கொண்டுபோவாள். பாதியில் பயந்து எடுத்துவிடுவாள்.

ஆறு மணிக்கு அவளுடைய செல்போன் அடித்தது. வல்லரசு. தினமும் பட்டறை விட்டதும் போன் செய்கிறவன். துரை எடுத்தார்.

"ஆங், மாப்ள... தூங்குது மாப்ள. ஒண்ணுமில்ல, லேசா தலவலி..."

மித்ரா எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

"தலவலி இல்ல வல்லு. நாளைக்கு வேல முடிஞ்சி நேரா வூட்டுக்கு வா. இல்ல, உங்கம்மா வேணாம். நீ மட்டும் வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ இன்னா வேணா முடிவு பண்ணு." அந்தப் பக்கம் அவன் என்ன கேட்டானோ, அவள் போனை அணைத்துவிட்டாள்.

"அவசரப்படாத கண்ணு, ரிசல்ட்டு வரட்டும்..." என்றார் துரை.

"போதும் நைனா. இனிமே இந்த வூட்ல எத்தையும் மறைக்காதீங்க. எனக்கு பயமா கீது. நீங்க மறைக்கிறதுதான் அதவிட பயமா கீது."

அப்புறம் அவள் செய்ததை ராஜாத்தி எதிர்பார்க்கவில்லை. பின்னலை அவிழ்த்தாள். முடியை விரித்துப் போட்டாள். வெள்ளிக்கிழமைக்கென்றே இருக்கிற மரப்பலகையை இழுத்து டியூப்லைட்டுக்கு நேர் கீழே போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். துரை எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"பாரு" என்றாள்.

"நானா?"

"வேற யாரு கீறா? உனுக்குத்தான் பாக்கத் தெரியும். ஆனா ஒண்ணு, இன்னா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லணும்."

ராஜாத்தி கை கழுவிக்கொண்டு வந்தாள். எண்ணெய் இல்லாமல் மகளைத் தொடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை போல இருந்தது. பிளாஸ்திரியைச் சுற்றிப் பார்த்தாள். முதுகில் இரண்டு பச்சைப் புள்ளிகள். அதற்கு நடுவில் வேறொன்றும் இல்லை. தோள்பட்டை, இல்லை. கழுத்து, இல்லை. முடியைக் கொத்துக் கொத்தாக ஒதுக்கினாள். இடது காதுக்குப் பின்னால் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அவளுக்கு மூச்சு வந்தது.

வலது காதை மடித்தாள். முடி தொடங்குகிற ஓரம். இத்தனை வெள்ளிக்கிழமையும் புள்ளிக்கு நடுவிலேயே தேடியவள், அங்கே ஒரு நாளும் பார்த்ததில்லை.

விரல் நின்றது.

வாசலில் நின்ற துரை திரும்பிப் பார்த்தார். கீழே ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா?" என்றாள் மித்ரா.

வேர்க்குரு என்ற வார்த்தை ராஜாத்தியின் நாக்கில் வந்து நின்றது. வந்ததை அவள் விழுங்கினாள். துவரம்பருப்புகூட இல்லை, அதில் பாதிதான் இருக்கும். மினுமினுவென்றிருந்தது.

"இங்க ஒண்ணு கீதுடி" என்றாள்.

மித்ராவின் தோள் இரண்டும் குறுகின. பிறகு கையை நீட்டிக் கைப்பையை இழுத்து, யார்டில் வண்டி நம்பர் எழுதுகிற நீலப் பேனாவை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலே நீட்டினாள்.

"வை" என்றாள்.

ராஜாத்தி பேனாவை வாங்கினாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மகளின் காதை மெல்ல மடித்துப் பிடித்து, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.